இருநூற்றுப் பதினான்கு கையெழுத்துகள்

ஜனவரி 12

அன்புள்ள அக்கா,

இங்கே நான் சௌக்கியம். உன் இடது காது இரைச்சல் கொஞ்சமாவது அடங்கியதா? போன வாரம் பக்கத்து வீட்டுப் போனில் உன்னைக் கூப்பிட்டேன் அல்லவா, நான் கத்திய கத்தலில் அந்த வீட்டுக் குழந்தை பயந்து அழுதுவிட்டது. நீயோ கடைசிவரை "யாரு? எந்தப் பிரஸ்லேர்ந்து பேசறீங்க?" என்றே கேட்டுக்கொண்டிருந்தாய். இனிமேல் நமக்குள் கடிதம்தான். அச்சகத்து மெஷின்கள் உன் காதைத் தின்றாலும் கண்ணை விட்டுவைத்திருக்கின்றன, அதுவரைக்கும் நல்லது.

ஒரு செய்தி. எங்கள் லிஃப்ட் பரிசோதனைக் கம்பெனிக்குப் புது மேனேஜர் வந்திருக்கிறார். வந்த முதல் நாளே எங்கள் அறைச் சுவரில் இருந்த கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார். அந்த இடத்தில் ஒரு பலகை மாட்டினார். பலகையில் எங்கள் எட்டுப் பேர் பெயரும், பெயருக்கு எதிரே அன்றன்று யார் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பதும்.

"மாசச் சம்பளம் வாங்கறவன் எப்ப அஞ்சு மணி அடிக்கும்னு கடிகாரத்தையே பாத்துக்கிட்டிருப்பான். இனிமே நேரத்தைப் பத்தி யாரும் யோசிக்கவே வேணாம். ஒரு சர்டிபிகேட்டுக்கு இவ்வளவுன்னு பணம். எத்தனை போடறீங்களோ அத்தனை. ஆனா ஒண்ணு, நாளைக்குப் பத்துக்குக் குறைஞ்சா அந்த ஆள் எனக்குத் தேவையில்லை."

இதை அப்படியே அவர் வாயால் சொன்னார். எங்கள் கூட்டத்தில் உயரமானவன் ஒருவன், ஒட்டகம் என்று கூப்பிடுவோம், அவன் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

உனக்குத்தான் தெரியுமே, ஒரு லிஃப்டை முறையாகச் சோதிக்க ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். மேலே மோட்டார் அறை, கயிறுகள், ஒவ்வொரு மாடிக் கதவும், கடைசியாக சேஃப்டி பிரேக். கயிறே அறுந்தாலும் கூண்டு கீழே விழாமல் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விப் பிடிக்கிற இரும்புத் தாடை அது. எடைக் கட்டிகளைச் சுமந்து கூண்டில் ஏற்றி, அது கவ்வுகிறதா என்று பார்க்க வேண்டும். முதுகு விட்டுப் போகும். நாளைக்கு ஐந்து பார்ப்பேன், விழுந்தடித்துக்கொண்டு ஓடினால் ஆறு. பத்து எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. பார்ப்போம்.

குட்டி படிப்பு விஷயம் என்ன ஆயிற்று? நர்ஸிங்கா, மருந்தகப் படிப்பா? எதுவானாலும் மாமா இருக்கிறேன் என்று சொல்.

உன்
தம்பி


ஜனவரி 30

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ நலமாக இருப்பதில் மனசுக்கு நிம்மதி. நானும் குட்டியும் நன்றாகவே இருக்கிறோம். இரைச்சல் அப்படியேதான் இருக்கிறது. மெஷின் நின்ற பிறகும் என் காதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வலி இல்லை.

இப்போது அச்சகத்தில் பஸ் கால அட்டவணை ஓடுகிறது. நூற்று நாற்பது பக்கம், முழுக்க எண்கள். பிழை பார்ப்பது நான்தான். நேற்று ஒரு பஸ் ஒன்பது பத்துக்குக் கிளம்பி எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதலாளியிடம் காட்டினேன். "டிரைவர் நல்ல கெட்டிக்காரன் போலிருக்கு" என்றார். சிரித்துவிட்டுத் திருத்தினோம்.

குட்டி நர்ஸிங்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். இடம் கிடைத்துவிட்டது. ஆனால் கட்டணம் நாம் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. முதல் தவணை பிப்ரவரி முடிவில், அடுத்தது மார்ச் இருபத்தைந்துக்குள். உன்னிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. குட்டியின் அப்பா இருந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன். முடியாது என்றால் முடியாது என்று எழுது, தப்பாக நினைக்க மாட்டேன்.

அந்தக் கடிகாரத்தைக் கழற்றியது எனக்குப் பிடிக்கவில்லை. முதுகைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

நலம்தானே? பணம் அனுப்பியிருக்கிறேன், இதற்குள் வந்திருக்கும். கூச்சம் எதற்கு? நீ என்ன மூன்றாம் மனுஷியா?

இப்போது என் பெயர் பலகையில் இரண்டாவது இடத்தில் இருக்கிறது தெரியுமா? நாளைக்குப் பதினொன்று போடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை பதின்மூன்று. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என் தோளில் தட்டினார். "இவரைப் பாத்துக் கத்துக்கங்க" என்றார். எனக்கு இந்த வேகத்தைக் கற்றுக்கொடுத்தவன் ஒட்டகம்தான் என்பது அவருக்குத் தெரியாது. ஒட்டகம் சொன்னான், "டேய், நீ லிஃப்டைப் பாக்காதே, அது உனக்கு என்ன தரும்னு பாரு. அப்புறம் எல்லாம் தானா வேகமா நடக்கும்." உண்மைதான் அக்கா. இப்போது தெருவில் போகும்போது கட்டடங்களைப் பார்த்தால் மாடி தெரிவதில்லை, ஜன்னல் தெரிவதில்லை. ஒரு கட்டடம், இரண்டு லிஃப்ட், இவ்வளவு பணம் என்றுதான் கண்ணில் படுகிறது. குட்டியின் அடுத்த தவணைக்கும் இப்போதே சேர்க்கத் தொடங்கிவிட்டேன். பத்தாம் தேதிக்குமேல் அனுப்புவேன்.

புது ஷூ வாங்கினேன். ஏனென்றால் இப்போதெல்லாம் நான் படியில்தான் ஏறி இறங்குகிறேன். உடம்புக்கு நல்லது. ஏழு மாடி, எட்டு மாடி என்றாலும் படிதான். வாட்ச்மேன் ஒருவன், "என்ன சார், லிஃப்டு சர்டிபிகேட் குடுத்துட்டு நீங்க நடந்து போறீங்க?" என்று கேட்டான். தொப்பை என்றேன்.

தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. வேலை அதிகம் அல்லவா.

உன்
தம்பி


மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எனக்குக் கொஞ்ச நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. நீ அனுப்பிய பணம் வந்தது. குட்டிக்கு இரண்டாவது தவணையும் கட்டியாகிவிட்டது. விடுதியில் சேர்ந்துவிட்டாள். மாமாவுக்குத் தனியாக எழுதுவதாகச் சொன்னாள்.

தம்பி, நான் ஒன்று கேட்கப்போகிறேன். கோபப்படாமல் படி.

என் தொழில் எண்களைப் பார்ப்பது. நான் வேண்டாம் என்றாலும் என் கண் பார்த்துவிடும். ஒரு லிஃப்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் என்று நீ ஜனவரியில் எழுதினாய். நாளைக்குப் பதினொன்று என்று பிப்ரவரியில் எழுதினாய். பெருக்கிப் பார்த்தேன். பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வருகிறது. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற நேரம், நீ சாப்பிடுகிற நேரம் இதில் இல்லை. பதின்மூன்று போட்ட செவ்வாய்க்கிழமைக்குப் பதினாறே கால் மணி நேரம். அவ்வளவு நேரம் எந்தக் கட்டடத்து வாட்ச்மேன் மோட்டார் அறையைத் திறந்து வைத்திருப்பான்?

போய்ச் சேர்ந்த பிறகு கிளம்புகிற பஸ்ஸைப் போல இருக்கிறது உன் நாள்.

எதை விட்டுவிடுகிறாய்? அந்த சேஃப்டி பிரேக்கையா?

நீ ஏன் படியில் போகிறாய்?

அன்புடன்
அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம்.

அச்சகத்தில் உட்கார்ந்து பென்சிலால் பெருக்கிப் பார்த்தால் எல்லாம் தப்பாகத்தான் தெரியும். அனுபவம் என்று ஒன்று இருக்கிறது. பதினாறு வருஷம் இந்த வேலையில் இருக்கிறவனுக்குக் கூண்டு கிளம்புகிற சத்தத்திலேயே பாதி தெரிந்துவிடும். எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் இப்படித்தான் செய்கிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. லிஃப்ட் என்ன, தினமுமா அறுந்து விழுகிறது?

பணம் வேண்டும் என்று கேட்டபோது எப்படி வருகிறது என்று நீ கேட்கவில்லையே.

இதைப் பற்றி மேலே எழுத வேண்டாம்.

தம்பி

பி.கு. குட்டியின் விடுதி எத்தனை மாடி? லிஃப்ட் இருந்தால் படியிலேயே போகச் சொல்.


ஏப்ரல் 11

தம்பி,

விடுதி இரண்டே மாடி. லிஃப்ட் கிடையாது.

உன் கடிதத்தின் கடைசி வரியை நீ எழுதிய பிறகு படித்துப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் கேட்டதற்கு அதுவே பதில்.

மொத்தம் எத்தனை? அதை மட்டும் எழுது.

அக்கா


மே 2

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன். நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

இருநூற்றுப் பதினான்கு.

உன் ஒரு வரி வந்த அன்று என் ரசீதுப் புத்தகங்களை எல்லாம் தரையில் பரப்பி எண்ணினேன். சேஃப்டி பிரேக்கைப் பார்க்காமல், 'சரியாக இயங்குகிறது' என்று நான் கையெழுத்துப் போட்டவை இருநூற்றுப் பதினான்கு. மற்றவற்றில் எதை விட்டாலும் பிரேக்கையாவது பார்த்திருந்தேன். இந்தப் பட்டியலில் சிலதில் மோட்டார் அறைக்கே போகவில்லை. கீழ்த்தளத்தில் நின்று, ஒரு முறை மேலே அனுப்பி, கீழே வரவழைத்து, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து. பத்து நிமிடம். கூண்டு கிளம்புகிற சத்தத்தில் எல்லாம் தெரியும் என்று உனக்கு எழுதினேனே, பொய். பிரேக் சத்தம் போடாது. தேவைப்படுகிற அந்த ஒரு விநாடி வரை அது சும்மாதான் இருக்கும்.

ஏப்ரல் பதினெட்டிலிருந்து நானே ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ச் சோதிக்கிறேன். வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும். நாளைக்கு மூன்றுக்குமேல் முடியவில்லை. வாட்ச்மேன்களிடம், "ஆபீஸ்ல ஒரு பேப்பர் காணாமப் போச்சு, மறுபடி பாக்கணும்" என்று சொல்கிறேன். ஒருவன், "என் பொண்டாட்டிகூட இத்தனை தடவை சந்தேகப்பட்டு வந்து பாக்க மாட்டா சார்" என்றான். சிரிக்கப் பார்த்தேன். எடைக் கட்டி கை நழுவிக் காலில் விழுந்தது.

இதுவரை நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது. இரண்டில் பிரேக் பிடிக்கவில்லை. ஒன்றில் தாடை முழுக்கத் துருப் பிடித்து இறுகிப்போயிருந்தது. அது பல் மருத்துவமனை இருக்கிற கட்டடம். நான் எடை ஏற்றிக்கொண்டிருந்தபோது வெளியே ஒரு அம்மா கன்னம் வீங்கிய பெண் குழந்தையோடு நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்ங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ரிப்பேர் என்று சொல்லி அதைப் பூட்டினேன். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைத் திட்டியபடியே ஐந்து மாடி ஏறினாள். அக்கா, அந்தத் திட்டு எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

பகலில் வேறு ஏதோ லிஃப்டில் வேலை செய்துகொண்டிருப்பேன் (இப்போது எதிலும் பிரேக்கை விடுவதில்லை, பலகையில் என் பெயர் கடைசிக்குப் போய்விட்டது). திடீரென்று மற்ற நூற்று எழுபத்து மூன்றும் நினைவுக்கு வரும். இந்த நிமிடம் அவற்றில் யார் ஏறுகிறார்கள்? கதவு மூடுகிறதா? எத்தனை பேர்? தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்க்கிறேன்.

எப்படியாவது எல்லாவற்றையும் முடித்துவிடுவேன். யாருக்கும் தெரியாமல் சரி செய்துவிட்டால் போதும். யாரிடமும் சொல்லிவிடாதே. குட்டியிடமும்.

உன்
தம்பி


மே 8

தம்பிக்கு,

உன் காலில் அடி பட்டதே, மருந்து போட்டாயா? வேளைக்குச் சாப்பிடு.

இனி நான் எழுதுவதைக் கவனமாகப் படி. நூற்று எழுபத்து மூன்று மீதி. நாளைக்கு மூன்று. ஐம்பத்தெட்டு நாள். ஜூன் கடைசியில்தான் முடியும். அதுவும் உனக்குக் காய்ச்சல் வராமல், எந்த வாட்ச்மேனும் சந்தேகப்படாமல் இருந்தால்.

அந்த ஐம்பத்தெட்டு நாளும் உன்னுடையது இல்லை தம்பி. அந்தக் கூண்டுகளில் ஏறுகிறவர்களுடையது. நீ உன் வேலையையும் பேரையும் காப்பாற்றிக்கொள்ள அவர்களிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறாய்.

அரசாங்கப் பரிசோதனை அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடு. பட்டியலைக் கொடு. அவர்கள் ஒரே நாளில் இருநூற்றுப் பதினான்கையும் பூட்டிவிடுவார்கள். உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

இதைப் படித்தவுடன் போ. சட்டை மாற்றிக்கொண்டு போகலாம் என்றுகூட நிற்காதே.

அக்கா


மே 19

அக்கா,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி மதியம் வந்தது. படித்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த அலுவலகம் ஐந்து மணி வரை திறந்திருக்கும். மணி அப்போது இரண்டரை. அலுவலகத்துக்கு எதிரே இருக்கிற டீக்கடை வரை போனேன். நாளைக்குப் போகலாம், இன்றைக்கு இன்னும் மூன்று பார்த்துவிடலாம் என்று திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு ஒரு லிஃப்ட் விழுந்தது. நான்கு மாடித் தையல் ஆலை. மூன்றாவது மாடிக்கு மேலே போய்க்கொண்டிருந்தபோது கயிறுகள் அறுந்து கீழே வந்திருக்கிறது. சேஃப்டி பிரேக் கவ்வவில்லை. உள்ளே ஒரே ஒருவர். தையல் வேலை பார்க்கிற அம்மா. நாற்பது வயதுக்குமேல் இருக்கும். இரண்டு காலும் உடைந்துவிட்டன. உயிர் இருக்கிறது.

என் பட்டியலில் அது தொண்ணூற்றாறாவது. நான் எழுபத்து நாலு முடித்திருந்தேன். இன்னும் ஒரு வாரத்தில் அங்கே போயிருப்பேன். அதில் நான் கையெழுத்துப் போட்டது மார்ச் பதினொன்றாம் தேதி. மேஜையில் தாளை வைக்க இடம் இல்லாமல் ஒரு துணிக் கட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டது இப்போதும் நினைவிருக்கிறது.

செய்தி கேட்டதும் ஓடினேன். தையல் ஆலைக்கு இல்லை, அந்த அலுவலகத்துக்கு. ஒரு அதிகாரி அம்மா உட்கார்ந்திருந்தார். பட்டியலை அவர் மேஜையில் வைத்தேன். "என்ன இது?" என்றார். "இதெல்லாத்தையும் உடனே பூட்டுங்கம்மா, அப்புறமா சொல்றேன்" என்றேன். மாலைக்குள் எல்லாம் பூட்டப்பட்டன. மீதி இருந்தவற்றைச் சோதித்ததில் இன்னும் ஏழில் பிரேக் பிடிக்கவில்லை. அதில் ஒன்று பிரசவ மருத்துவமனை.

என்னை நாலு நாள் வைத்து விசாரித்து அனுப்பினார்கள். ஊரைவிட்டுப் போகக்கூடாது. மேனேஜரையும் கூப்பிட்டார்கள். அவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நான் யாரையும் அவசரப்படுத்தலையே. ஒரு லிஃப்டுக்கு ஒண்ணேகால் மணி நேரம்னு எங்க விதிப் புத்தகத்துலயே இருக்கு. இவரா பேராசைப்பட்டாருன்னா நான் என்ன பண்ண?" என்றார். பலகையை எப்போதோ கழற்றிவிட்டார்கள். சுவரில் கடிகாரம் திரும்ப வந்திருக்கிறது. ஒட்டகம் உட்பட ஏழு பேரும் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள். அவர்கள் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் சொன்னால் நம்ப ஆள் இல்லை. அதிகாரி அம்மா, "எழுத்துல ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். என்னிடம் ஒன்றும் இல்லை.

பயம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

தம்பி


மே 27

அன்புத் தம்பிக்கு,

இரண்டு நாளாக உன் கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று கேட்பதுகூட எனக்குத் தகாது போலத் தோன்றுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

எனக்கு மார்ச்சில் காய்ச்சல் வரவில்லை.

நான் எதையும் முதலில் ஒரு தாளில் எழுதித் திருத்திவிட்டுத்தான் நல்ல தாளில் எழுதுவேன், உனக்குத் தெரியும். நீ எந்தச் சோதனையை விடுகிறாய் என்று கேட்ட அந்தக் கடிதத்தின் முதல் தாள் என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதன் தேதி மார்ச் இரண்டு. உன் பிப்ரவரிக் கடிதம் வந்த அன்றைக்கே நான் பெருக்கிப் பார்த்துவிட்டேன். மூன்று நாள் கழித்து எழுதியும் முடித்துவிட்டேன். உறையில் முகவரிகூட எழுதினேன். அப்போதுதான் இருபத்தைந்தாம் தேதித் தவணை நினைவுக்கு வந்தது. பத்தாம் தேதிக்குமேல் பணம் அனுப்புவதாக எழுதியிருந்தாய். இப்போது இதை அனுப்பினால் நீ நின்றுவிடுவாய், பணமும் நின்றுவிடும். குட்டி சேர்ந்துவிடட்டும், பிறகு அனுப்பலாம் என்று டிராயரில் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு நாளும் அச்சகத்துக்குப் போகும்போது அந்த டிராயரைப் பார்த்தேன். இன்னும் பதினைந்து நாள், இன்னும் பத்து நாள் என்று எண்ணினேன். தவணை கட்டி ரசீது கைக்கு வந்த மூன்றாம் நாள் அதை எடுத்து, நல்ல தாளில் எழுதி, தேதியை மாற்றி, ஒரு நகலும் எடுத்து வைத்துக்கொண்டு, தபாலில் போட்டேன்.

மார்ச் இரண்டாம் தேதி போட்டிருந்தால் ஏழாம் தேதி உன் கைக்கு வந்திருக்கும். அந்தத் தையல் ஆலையில் நீ கையெழுத்துப் போட்டது பதினொன்றாம் தேதி.

ஐம்பத்தெட்டு நாள் உன்னுடையது இல்லை என்று உனக்குப் பாடம் சொன்னேன். இருபத்தாறு நாள் நான் எடுத்துக்கொண்டதைச் சொல்லவில்லை.

குட்டியிடம் சொல்லிவிட்டேன். "என் ஃபீஸுக்காகவாம்மா?" என்று கேட்டாள். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இரண்டாவது முறையும் சத்தமாகக் கேட்டாள். முதல் முறையே கேட்டிருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அந்த அதிகாரி கேட்டார் அல்லவா? இருக்கிறது. மேனேஜர் சொன்னதை அவர் வாய்ப் பேச்சாகவே நீ ஜனவரியில் எனக்கு எழுதியிருக்கிறாய். உறையில் தபால் முத்திரை இருக்கிறது. பிப்ரவரிக் கடிதத்தில் ஒட்டகம் சொன்னதும் பலகையும் இருக்கின்றன. மற்ற ஏழு பேரும் கையெழுத்துப் போட்ட லிஃப்டுகளைப் பூட்ட அது போதும் என்று நான் போய்ப் பார்த்த வக்கீல் சொன்னார். கடிதக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க மார்ச் கடித நகலையும் அந்த முதல் தாளையும் எடுத்துருங்கம்மா. அது வழக்குக்குத் தேவையில்லை. உங்களுக்குத்தான் கெட்ட பேரு" என்றார்.

அவர் வெளியே போன பிறகு அந்த இரண்டு தாளையும் கட்டின் மேலேயே வைத்துக் கட்டினேன். இன்று காலை அந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியாகிவிட்டது. வேண்டாம் என்று நீ எழுதுவாய். அதனால்தான் அனுப்பிய பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்கா,

நீ எப்படி இருக்கிறாய்? குட்டி உன்னிடம் பேசுகிறாளா? படிப்பை நிறுத்தப்போவதாக எனக்கு எழுதியிருந்தாள். வேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறேன். கேட்பாளா தெரியாது.

விசாரணை நேற்று முடிந்தது. உன் கட்டு வந்து சேர்ந்த மறுநாளே எங்கள் கம்பெனி சான்று கொடுத்த எல்லா லிஃப்டுகளையும் நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கில். அதில் முப்பத்தொன்று பழுது. அவற்றில் யாரும் விழவில்லை. ஊர் முழுக்க ஒரு மாதம் படி ஏறி எங்களைச் சபித்தது. மேனேஜர் உள்ளே இருக்கிறார். ஒட்டகமும் நானும் வழக்கை எதிர்கொள்ள வேண்டும். எனக்கு ஒரு வருஷத்துக்குக் குறையாது என்கிறார் வக்கீல். லைசென்ஸ் இனி எப்போதும் இல்லை.

உன் இரண்டு தாளையும் அதிகாரி அம்மா எல்லோர் முன்னாலும் வாசித்தார். முதலில் மார்ச் இரண்டு என்ற தேதி. பிறகு மார்ச் இருபத்தெட்டு. நடுவில் தண்ணீர் குடித்தார். என் அக்கா மேல் தப்பு இல்லை என்று எழுந்து சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை. பொய்யாக இருக்கும் என்றுதான் வரவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை, மன்னிக்கவும் எனக்கு உரிமை இல்லை. அது வேறு ஒருவரிடம் இருக்கிறது.

அந்தத் தையல் ஆலை அம்மா வந்திருந்தார். மதிய இடைவேளையில் வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார், இரண்டு ஊன்றுகோலையும் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு. வந்தவர்கள் எல்லோரும் அவரைக் கடந்து சாப்பிடப் போனார்கள். நானும் கடந்து போய்விட்டேன். படிக்கட்டு வரை போனேன். திரும்பி வந்து அவர் முன்னால் நின்றேன்.

"நான்தாங்க அந்தக் கையெழுத்துப் போட்டவன்."

"தெரியும். உள்ள பாத்தேன். உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் வார்த்தை தேடி வைத்திருந்தேன். அதற்குள் அவரே பேசினார், எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"நான் எப்பவும் படியிலதான் போவேன். அந்த லிஃப்டைக் கண்டாலே எனக்குப் பயம். அன்னிக்குப் பத்து நிமிஷம் லேட்டாயிடுச்சு. லேட்டா போனா அரை நாள் கூலியைப் புடிச்சிடுவாங்க. சரி, இன்னிக்கு ஒரு நாள்தானேன்னு ஏறிட்டேன்."

உள்ளே யாரோ நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "அந்த பிரேக்கை மட்டும் பாக்கறதுன்னா எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபத்தஞ்சு நிமிஷங்க" என்றேன்.

அவர் தலையை மெதுவாகத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தவர்போல, இன்னும் பெரிய எண் ஒன்றுக்காகக் காத்திருந்தார்.

உன்
தம்பி